"பையன் எப்படி இருக்கான் டாக்டர்?"

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் ஒரு நோயாளியிடம் நான் 5 நாள் தொடர்ந்து ஒரு பொய் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அச்சு அசலாக அதே பொய்யைப் பற்றி 1600 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பிஷப் எழுதி வைத்திருக்கிறார் என்பது போன மாசம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அதான் எழுதுறேன்.

முதலில் என் கதை. பைக் விபத்து. அப்பாவும் 16 வயசுப் பையனும். பையன் கேஷுவாலிட்டிக்கு வரும்போதே உயிர் இல்லை. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிவு, விலா எலும்புகள் முறிவு, நெஞ்சுக்குள் ரத்தம். குழாய் போட்டு ஐசியூவில் வைத்திருந்தோம். அவருடைய மச்சான் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போய் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு." பிரஷர் அப்போ 90-ஐத் தாண்டவில்லை. நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அவர் கேட்டார். "பையன் எப்படி இருக்கான் டாக்டர்?"

"நல்லா இருக்கான்ணே. மேல வார்டுல இருக்கான்."

நான் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவன். நிலத்தை விற்ற பணத்தில் கொஞ்சத்தை ஒளித்துவிட்டுப் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் பேதுருவின் காலடியில் விழுந்து செத்த கதையைச் சின்ன வயசில் கேட்டு நாலு நாள் தூங்காதவன். ஆனால் அந்தக் காலை எனக்கு அந்தக் கதை ஞாபகத்துக்கே வரவில்லை. இது நல்ல பொய்தானே, வள்ளுவரே அனுமதி கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போ அந்த பிஷப். பெயர் அகஸ்டின். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரத்து ஆயர். பொய்யைப் பற்றி மட்டும் இரண்டு நூல்கள் எழுதியவர். முதலாவது 395 வாக்கில். அதில் பொய்யை 8 வகையாகப் பிரிக்கிறார். மதத்தைப் போதிக்கும்போது சொல்லும் பொய்தான் இருப்பதிலேயே மோசம் என்று முதல் இடத்தில் வைக்கிறார் (இதைப் படித்தபோது சில மேடைகள் நினைவுக்கு வந்தன, விடுங்க). யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஒருவரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்கள் பட்டியலின் கடைசியில் வரும். ஆனால் எட்டுமே பாவம்தான். மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு வைத்து, அடுத்தவனை ஏமாற்ற நினைத்துப் பேசினால் பொய். அதற்கு விதிவிலக்கே கிடையாது என்கிறார். இந்த முதல் நூல் பின்னால் அவருக்கே பிடிக்காமல் போய், அதை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறார். யாரோ வைத்திருந்ததால் பிழைத்தது.

இரண்டாவது நூல் 420 வாக்கில். பிரிஸ்கில்லியன் கூட்டம் என்று ஸ்பெயின் பக்கம் ஒரு பிரிவினர். தங்கள் நம்பிக்கையை மறைக்கப் பொய் சொல்லலாம் என்பது அவர்கள் கொள்கை. கொன்சென்டியுஸ் என்பவர் அகஸ்டினுக்கு ஒரு யோசனை சொல்கிறார். நாமும் அவர்களில் ஒருவனாக நடித்து உள்ளே போய் ஆட்களைப் பிடித்தால் என்ன? பொய்யைப் பிடிக்கப் பொய் சொன்னால் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அகஸ்டின் மறுத்துவிடுகிறார்.

அந்த நூலின் முடிவுக்குப் பக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அகஸ்டின் கேட்கிறார்: சாகக் கிடக்கிற நோயாளி ஒருவன். அவனுடைய ஒரே அன்பு மகன் இறந்துவிட்டான். விஷயம் தெரிந்தால் இவன் தாங்க மாட்டான். மகன் இருக்கிறானா என்று உன்னிடம் கேட்கிறான். என்ன சொல்வாய்? இருக்கிறான், இல்லை, எனக்குத் தெரியாது. மூன்றே பதில். இரண்டு பொய். மூன்றாவது அவனைக் கொல்லலாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலும் அவனுக்குப் புரிந்துவிடும்.

அகஸ்டினைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைக்க வேண்டாம். இந்த இடத்தில் தன் மனசு ஆட்டம் காண்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் வேண்டாம் என்கிறார். காரணம், இங்கே ஒரு கதவைத் திறந்தால் பொய் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து பிறகு அதை நிறுத்த முடியாது. கூடவே ஒரு உவமை: ஒருத்தி உன்மேல் ஆசைப்பட்டு, நீ இணங்காவிட்டால் செத்துவிடுவேன் என்றால் இணங்குவாயா, இணங்காதது கொலையாகுமா என்று. எனக்கு இந்த உவமை ஒட்டவில்லை. ஐசியூ பெட்டில் குழாயோடு படுத்திருக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அகஸ்டின் இன்னொரு கதையும் சொல்கிறார், முதல் நூலில். அவர் சொந்த ஊர் தகாஸ்தேயில் முன்பு ஃபிர்முஸ் என்று ஒரு பிஷப். தன்னிடம் தஞ்சம் வந்த ஒருவனை ஒளித்து வைத்திருந்தார். சக்கரவர்த்தியின் ஆட்கள் வந்து கேட்டார்கள். "பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்" என்ற தோரணையில் நின்றுவிட்டார். சித்திரவதை செய்தார்கள். வாய் திறக்கவில்லை. கடைசியில் சக்கரவர்த்தியே வியந்துபோய் அந்த ஆளை மன்னித்தாராம். எல்லாருக்கும் அப்படி ஒரு சக்கரவர்த்தி கிடைப்பதில்லை.

இந்த இரண்டு கதையையும் மனசில் வச்சுக்கோங்க. வாசலில் நிற்கிற காவலன், படுக்கையில் கிடக்கிற அப்பா. கிறிஸ்தவ உலகம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் 1600 வருஷமாக அல்லாடுகிறது.

அகஸ்டின் காலத்திலேயே எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் ஆன கிறிசோஸ்தோம், ஆசாரியத்துவத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு டாக்டர் கதை சொல்கிறார். காய்ச்சல்காரன் ஒருவன் மருந்தைத் தொட மாட்டேன், ஒயின்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். கொடுத்தால் காய்ச்சல் ஏறும். டாக்டர் என்ன செய்தார்? சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மண் கோப்பையை ஒயினில் முக்கி எடுத்து, அதில் தண்ணீரை நிரப்பி, திரைகளை இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டுக் கொடுத்தார். புது மண் வாசனையோடு ஒயின் வாசமும் சேர, அவன் மடக்மடக்கென்று குடித்துவிட்டான். பிழைத்தான். கிறிசோஸ்தோம் இதை மெச்சித்தான் எழுதுகிறார். அவரே தன் நண்பர் ஒருவரை ஏமாற்றிக் குருப்பட்டத்தில் மாட்டிவிட்டு, அந்தச் செயலை நியாயப்படுத்தத்தான் இந்தக் கதையையே எடுக்கிறார் என்பது தனி ரசம்.

காசியன் என்ற துறவி இன்னும் நேராகப் பேசுகிறார். பெத்லகேம் மடத்தில் "சீக்கிரம் திரும்பி வருவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு எகிப்துக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட ஆசைப்பட்டுக் கொடுத்த வாக்கை என்ன செய்வது என்று ஒரு பெரியவரிடம் கேட்கிறார். அந்தப் பெரியவர் சொன்னதாக அவர் எழுதுவது இது: பொய் ஹெல்லெபோர் வேர் மாதிரி. அந்தக் காலத்தில் பேதிக்கும் வாந்திக்கும் கொடுத்த நச்சு வேர் அது. உயிருக்கு ஆபத்தான நோயில் கொடுத்தால் மருந்து, நல்லா இருக்கிறவன் தின்றால் சாவு. நம்ம ஊர் சேராங்கொட்டை மாதிரின்னு வச்சுக்கோங்க. சுத்தி செய்யாமல் கொடுத்தால் உடம்பே வெந்துவிடும்.

பொய்யை மருந்து என்றது காசியன் கண்டுபிடிப்பு இல்லை. பிளேட்டோ எழுதியது. அதுவும் அந்த மருந்தை டாக்டர்கள் கையில் மட்டும் கொடுங்க, மற்றவன் தொடக் கூடாது என்று. (எங்க இனத்துக்கு அப்பவே லைசென்ஸ்.)

ஜெரோமோடும் அகஸ்டினுக்கு இதே சண்டை. அந்தியோகியாவில் பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் வருகிறதே, அது இரண்டு பேரும் பேசி வைத்து நடித்தது என்று ஜெரோம் விளக்கம் எழுதினார். அப்போஸ்தலர்களே நடித்தார்கள் என்றால் வேதத்தில் எதை நம்புவது என்று அகஸ்டின் கடிதம் போட்டார். கடிதம் பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்குப் போய்ச் சேர வருஷக்கணக்கு ஆனது. அதற்குள் நகல் இத்தாலி முழுக்கச் சுற்றிவிட்டது. பெயர் இழுக்கப்பட்டவருக்குக் கடைசியாகத் தெரிகிற வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

மேற்கு ஐரோப்பாவில் ஜெயித்தது அகஸ்டின் கட்சி. 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வந்து, விளையாட்டுப் பொய், உதவிப் பொய், கெடுதல் பொய் என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சின்னப் பாவம் ஆக்கினார். பாவம்தான், ஆனால் நரகம் இல்லை. நடைமுறைக்கு இது போதுமானதாக இருந்தது. அதே அகஸ்டின் பெயரிலான துறவு சபையில் இருந்து வந்த லூதர், 1540-ல் ஹெஸ்ஸே பிரபு பிலிப்பின் ரகசிய இரண்டாம் கல்யாணம் வெளியே வந்தபோது, அழுத்தமா ஒரு பொய் சொல்லிச் சமாளிங்க என்றுதான் ஆலோசனை சொன்னார். எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரிகளைத் தேடித் தூக்கிலிட்டார்கள். "வீட்டில் பாதிரி இருக்கிறாரா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டு, "உனக்குச் சொல்ற கடமை எனக்கு இல்லை" என்பதை மனசுக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று இயேசு சபையினர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1595-ல் ராபர்ட் சவுத்வெல் வழக்கிலும் 1606-ல் ஹென்றி கார்னெட் வழக்கிலும் இதை வைத்தே அவர்களைக் கிழித்தார்கள். 1679-ல் போப் பதினோராம் இன்னொசென்ட்டே இந்த மனசுக்குள் ஒட்டுப்போடும் வித்தையைக் கண்டித்துவிட்டார்.

இந்த வித்தை எங்கள் தொழிலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "எங்களால முடிஞ்சதெல்லாம் செய்றோம்" என்று நாங்கள் சொல்லும்போது மிச்ச வாக்கியம் மனசுக்குள்தான் ஓடும்.

வாசலில் நிற்கிற காவலன் விஷயத்தில் எனக்கு எப்போதுமே குழப்பம் இருந்ததில்லை. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்க. எபிரெய ஆண் குழந்தைகளைப் பிரசவத்திலேயே கொல்லச் சொல்லி பார்வோன் உத்தரவு போடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, எபிரெயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் வேதம் சொல்கிறது. அந்தப் பரிசு அவர்கள் இரக்கத்துக்கு, பொய்க்கு இல்லை என்று அகஸ்டின் சமாளிக்கிறார். பிரசவ அறையில் நின்ற யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இதே மருத்துவச்சி வேலையை 1943-ல் ரோமில் ஒரு ஆஸ்பத்திரியே செய்தது. திபேர் ஆற்றின் நடுவில் ஒரு சின்னத் தீவு. அதில் ஃபாதேபெனெஃப்ராதெல்லி மருத்துவமனை. "நன்மை செய்யுங்கள் சகோதரர்களே" என்று அர்த்தம் வரும் பெயர். அன்று கத்தோலிக்கத் துறவு சகோதரர்கள் நடத்தியது. ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே யூதக் குடியிருப்பு. அக்டோபர் 16, சனிக்கிழமை விடியற்காலை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்து 1,200-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸுக்கு ரயில் ஏற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

தப்பி ஓடியவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். தலைமை மருத்துவர் ஜியோவானி பொரொமெயோ அவர்களை அட்மிட் செய்தார். கேஸ் ஷீட்டில் எழுதிய நோய்: "கே நோய்". அப்படி ஒரு நோய் உலகத்தில் கிடையாது. ஜெர்மன் தளபதி கெஸ்ஸெல்ரிங், ரோமின் எஸ்எஸ் தலைவன் காப்லெர், இரண்டு பேருக்கும் முதல் எழுத்து கே. சிப்பாய்கள் சோதனைக்கு வந்தால் பலமாக இருமச் சொல்லியிருந்தார்கள். கொடிய தொற்று, நரம்பைத் தாக்கும், உள்ளே போனால் உங்களுக்கும் ஒட்டும் என்று டாக்டர்கள் விளக்கினார்கள். சிப்பாய்கள் வார்டுக்குள் கால் வைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த இளம் டாக்டர் விட்டோரியோ சசெர்தோத்தியே பொய்ப் பெயரில் இருந்த யூதர். பொரொமெயோவை 2004-ல் யாட் வாஷெம் கௌரவித்தது.

கேஸ் ஷீட்டில் பொய் எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். எனக்கு ஒரே ஒரு கேஸ் ஷீட் எழுதக் கொடுத்து வைத்திருந்தால் அதுவாக இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

அதே 1943-ல் பெர்லின் டேகல் சிறையில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற லூத்தரன் போதகர், உண்மை பேசுவது என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவர் அப்பா சாரிட்டே ஆஸ்பத்திரியின் மனநலப் பேராசிரியர். கட்டுரையில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி. டீச்சர் வகுப்பு முன்னால் ஒரு பையனை எழுப்பி, உங்க அப்பா தினமும் குடித்துவிட்டு வருவாரா என்று கேட்கிறார். உண்மைதான். பையன் இல்லை என்கிறான். பொய்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க டீச்சருக்கு உரிமையே இல்லை, தப்பு அவருடையது என்கிறார் போன்ஹோஃபர். யார் கேட்கிறார், எந்த உரிமையில் கேட்கிறார் என்று பார்க்காமல் வார்த்தையை மட்டும் எடை போடாதே என்பது அவர் வாதம். 1945 ஏப்ரல் 9 ஃப்ளோசென்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் மண்டியிட்டு ஜெபித்து, சில நொடியில் அமைதியாக இறந்தார் என்று முகாம் டாக்டர் பல வருஷம் கழித்து எழுதிக் கொடுத்தார். பல புத்தகங்களில் அதுதான் இருக்கிறது. அந்தச் சாட்சியை ஆராய்ச்சியாளர்கள் பலர் இப்போது நம்புவதில்லை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

போன்ஹோஃபரின் கேள்வியை என் ஐசியூவுக்குக் கொண்டு வந்தபோதுதான் எனக்குச் சிக்கல். என்னிடம் கேட்டவர் காவலன் இல்லை. அப்பா. அந்தப் பதில் உலகத்திலேயே யாருக்காவது சொந்தம் என்றால் அது அவருக்குத்தான்.

டாக்டர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? 1803-ல் மான்செஸ்டர் டாக்டர் தாமஸ் பெர்சிவல் மருத்துவ அறநூல் எழுதினார். இன்றைய மருத்துவ நெறிமுறைகள் பலவற்றுக்கும் பாட்டன் அந்த நூல். பக்தியான மனுஷன். நோயாளிக்கு உண்மை மேல் உரிமை உண்டு, ஆனால் அந்த உண்மை அவரைக் கொல்லும் என்றால் அந்த உரிமை நின்றுபோகிறது என்று எழுதினார். தன் நாணயத்தை நோயாளிக்காக டாக்டர் பலி கொடுக்க வேண்டும் என்ற அளவுக்குப் போகிறார். அவர் நண்பர் தாமஸ் கிஸ்போர்ன் ஆங்கிலிக்கன் குரு. நம்பிக்கை கொடுங்க, ஆனா பொய் வேண்டாம் என்று அவர் எதிர்த்தார். அதற்கு முன்பே சாமுவேல் ஜான்சன், நோயாளியிடம் பொய் சொல்வதைக் காட்டிலும் அருவருப்பான பொய் தனக்கு வேறில்லை, தன்னிடமே டாக்டர்கள் அடிக்கடி சொல்லியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்.

1847-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் நெறிமுறை பெர்சிவல் வழியில் போனது. கெட்ட செய்தியை உறவினரிடம் சொல், நோயாளியிடம் மிக அவசியம் என்றால் மட்டும். 1903-ல் பாஸ்டன் டாக்டர் ரிச்சர்ட் கேபட், பொய் சொல்லாமல் டாக்டர் தொழில் நடத்த முடியுமா என்று நிஜமாகவே சோதித்துப் பார்த்து, முடிகிறது என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1961-ல் சிகாகோவில் ஓர் ஆய்வு: டாக்டர்கள் 10 பேரில் கிட்டத்தட்ட 9 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை. 1979-ல் வெளியான அடுத்த ஆய்வில் 97% பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷம். சபைகள் ஏதும் தீர்மானம் போட்டதால் நடந்தது இல்லை. சிகிச்சைகள் வந்தன, நோயாளிகள் உரிமை கேட்டார்கள், கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கீமோ கொடுத்துக்கொண்டே "சாதாரணக் கட்டி" என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? நம்ம ஊர் வராண்டாவில் இன்னும் 1961-தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

ஒரு ரோமானியக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கதை இல்லை. இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில் எழுதியது. அர்ரியா என்ற பெண். கணவனும் மகனும் ஒரே சமயத்தில் நோயில் கிடந்தார்கள். மகன் இறந்துவிட்டான். கணவனுக்குத் தெரியாமல் அடக்கம் செய்தாள். கணவன் கேட்கும்போதெல்லாம், நல்லா தூங்கினான், சாப்பிட்டான் என்றாள். அழுகை முட்டினால் வெளியே போய் அழுது தீர்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். பிளினி அவளை வானளாவப் புகழ்கிறார்.

என் நோயாளியின் மனைவியும் அதைத்தான் செய்தார். மகனை அடக்கம் பண்ணிவிட்டு, பார்வையாளர் நேரத்துக்கு வருவார். ஐசியூ வாசல் குழாயில் முகம் கழுவுவார். பொட்டைச் சரி செய்துகொண்டு உள்ளே போவார். அர்ரியா தானாக முடிவு செய்தாள். இந்த அம்மாவை அப்படி நடிக்க வைத்ததில் நான் சொன்ன "நல்லா இருக்கான்"-க்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நாள் நான் சொன்னது ஒரு பொய். இரண்டாம் நாள் கால் எலும்புக்கு மாவுக்கட்டு போட்டிருக்கு என்றேன். மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டான் என்றேன். நான்காம் நாள் உங்களைக் கேட்டான் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக வளரும் என்று அகஸ்டின் எழுதியதை நான் ஒரே வாரத்தில் செய்து காட்டியிருக்கிறேன்.

முதல் நாள் பொய்யை இன்றைக்கும் சொல்வேனா? பிரஷர் 90 இருக்கும்போது? சொல்லாமல் இருந்திருப்பேன் என்று எழுதினால் இங்கேயே இன்னொரு பொய் ஆகும். ஆனால் மூன்றாம் நாள் அவர் தேறிவிட்டார். அதற்குப் பிறகு நான் காப்பாற்றியது அவரை இல்லை, என்னை. அந்த அறைக்குள் போய் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றியதும் எங்கள் சீஃப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மச்சான் இருந்தார், மனைவி இருந்தார். நான் கால் பக்கம் நின்றேன். அவர் உடனே அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"காலைல குடுக்கிற ரொட்டிய தினம் உங்ககிட்டதானே குடுத்தனுப்பினேன் டாக்டர், பையனுக்குக் குடுங்கன்னு. அத யாரு சாப்பிட்டா?"

நான்கு பாக்கெட். அதற்கும் ஒரு பதில் என் வாயில் தயாராக இருந்தது.

"அலமாரியில இருக்குண்ணே" என்றேன். கொண்டு வரச் சொன்னார். கொண்டு போய்க் கொடுத்தேன்.